‘சாங்ஷன்’ என்றால் அனுமதியா, தடையா? மொழிபெயர்ப்பில் எப்படிப் பிரிப்பது?

துணையாசிரியன் (கேள்வி)

ஆங்கில ஏஜென்சிச் செய்திகளைத் தமிழாக்குகிறவர்களுக்கு ‘சாங்ஷன்’ என்ற வினைச்சொல் ஒரு தலைவலி. ஒரே நாளில் இப்படி நான்கு வாக்கியங்கள் வரலாம். தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

1. ‘கவர்னர் சாங்ஷன்ஸ் பிராசிக்யூஷன் ஆஃப் எக்ஸ்-மினிஸ்டர்.’
2. ‘யு.எஸ். சாங்ஷன்ஸ் த்ரீ ஆயில் டேங்கர்ஸ்.’
3. ‘பேங்க் சாங்ஷன்ஸ் லோன் ஃபார் பிரிட்ஜ் ஒர்க்.’
4. ‘த பிராக்டிஸ் ஹேஸ் நோ லீகல் சாங்ஷன்.’

பேச்சுத் தமிழில் குழப்பமே இல்லை. ‘லோன் சாங்ஷன் ஆயிடுச்சு’, ‘லீவு இன்னும் சாங்ஷன் ஆகல’ என்றால் யாருக்கும் புரியும். அங்கே அது அனுமதி மட்டும்தான். உலகச் செய்திப் பக்கத்துக்குப் போனால் அதே சொல் தடையாகிவிடுகிறது. முதல் வாக்கியத்தை ‘முன்னாள் அமைச்சர் மீதான வழக்குக்கு ஆளுநர் தடை’ என்று போட்டால் செய்தியே தலைகீழ்.

தெரிய வேண்டியவை: இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் எப்படி வந்து உட்கார்ந்தன? வாக்கியத்தைப் பார்த்ததும் எது என்று பிரிக்க ஏதாவது வழி உண்டா? தமிழில் அனுமதி, ஒப்புதல், இசைவு, ஒப்பளிப்பு, அங்கீகாரம் என்று ஐந்தாறு சொல் கிடக்கிறதே, எதை எங்கே போடுவது?

---

வேர்ச்சொல்

முதல் கேள்விக்கு மட்டும் பதில். மற்றதை அலுவலகம், நீதிமன்றம் பக்கம் இருப்பவர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

ஒன்று அசல் பொருள், மற்றது திரிபு என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் ‘சான்கீரே’ என்று ஒரு வினை. புனிதமாக்கு, யாரும் மீறக்கூடாதபடி நிலைநாட்டு என்று பொருள். ஒன்றை மீறக்கூடாததாக ஆக்க இரண்டு வேலை செய்ய வேண்டும். ‘இது செல்லும்’ என்று உறுதி சொல்ல வேண்டும். ‘மீறினால் இன்னது நடக்கும்’ என்றும் சொல்ல வேண்டும். முதல் பாதியிலிருந்து அனுமதி, ஒப்புதல் என்ற பொருள் கிளைத்தது. இரண்டாம் பாதியிலிருந்து தண்டனை, தடை.

ரோமச் சட்டத்தில் இது பளிச்சென்று தெரியும். அங்கே ஒரு சட்டத்துக்குள், மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்குப் பெயரே ‘சான்க்தியோ’. கி.பி. 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டப் பாடநூலில் இந்த விளக்கம் அப்படியே இருக்கிறது. அதே இடத்தில் நகர மதில்களை உதாரணம் காட்டுகிறார்கள். மதிலும் வாயிலும் ‘சான்க்தா’, ஏனென்றால் மதிலுக்குத் தீங்கு செய்தவனுக்கு மரண தண்டனை. புனிதம் என்ற சொல்லுக்குப் பின்னால் கத்தி ஒளிந்திருக்கிறது, கவனியுங்கள்.

அந்த வினையின் எச்சம்தான் ‘சான்க்துஸ்’. அதிலிருந்து ஆங்கில ‘செயின்ட்’, போர்த்துகீசிய ‘சாவ்’. சென்னையில் சாந்தோம் என்ற பெயரின் முதல் அசை இந்த வேர்தான். தமிழக அரசின் நிதி சாங்ஷன் ஆணைகள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வருகின்றன. ஆணையின் பெயரும் இடத்தின் பெயரும் பங்காளிகள்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக 16-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது, திருச்சபை அல்லது அரசனின் ஆணை என்ற பொருளில். 1713-இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ், தன் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் நாடுகள் பிரிபடாமல் ஆண் வாரிசு இல்லாவிட்டால் தன் மகளுக்கே போக வேண்டும் என்று போட்ட ஆணையை வரலாற்றுப் புத்தகங்கள் ‘பிராக்மாடிக் சாங்ஷன்’ என்கின்றன. அங்கே தடையும் இல்லை, அனுமதியும் இல்லை. நிலைநாட்டும் ஆணை, அவ்வளவுதான்.

வினைச்சொல்லாக அது பிந்தித்தான் வருகிறது. ‘உறுதிப்படுத்து, செல்லுபடியாக்கு’ என்ற பொருளுக்கு அகராதிகள் காட்டும் ஆண்டு 1778. ‘அதிகாரத்தோடு அனுமதி’ என்பதற்கு 1797. ‘தண்டி, தடை விதி’ என்ற வினைப்பொருளுக்கு 1956. அதாவது பெயர்ச்சொல்லில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேலாகக் கிடந்த தண்டனைப் பொருள், வினைச்சொல்லுக்கு ஏறி எழுபது ஆண்டுதான் ஆகிறது.

நடுவில் சட்டச் சிந்தனையாளர்கள் செய்த ஒரு திருப்பமும் உண்டு. பெந்தம் 1789-இல் எழுதும்போது, மனிதனை ஒரு விதிக்குக் கட்டுப்பட வைக்கும் இன்பம், துன்பம் இரண்டையுமே ‘சாங்ஷன்’ என்றார். அவர் வழி வந்த ஆஸ்டின் 1832-இல் இன்பத்தை வெட்டிவிட்டு, ஆணையை மீறினால் வரும் தீங்கு மட்டுமே சாங்ஷன் என்று சுருக்கினார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் ஓடுவது ஆஸ்டின் பொருள்தான்.

---

வாக்கியப்பொறி

பிரிக்கும் வழி இருக்கிறது. வினைக்குப் பின்னால் வரும் செயப்படுபொருளைப் பாருங்கள்.

செயல், பணம், திட்டம், விடுமுறை, வழக்கு மாதிரி ஒன்று வந்தால் பெரும்பாலும் அனுமதி. நாடு, ஆள், நிறுவனம், வங்கி, கப்பல் மாதிரி ஒன்று வந்தால் பெரும்பாலும் தடை. யாரையும் ‘அனுமதிக்கிறேன்’ என்று சொல்ல ஆங்கிலத்தில் இந்த வினை பயன்படாது. ஆள் செய்கிற காரியத்தைத்தான் அனுமதிக்க முடியும். அதனால் உங்கள் 1, 3 அனுமதி, 2 தடை. பத்துக்கு ஒன்பது இடத்தில் இந்தச் சோதனை போதும்.

நான்காவது பெயர்ச்சொல். அதற்குத் தனிச் சோதனை. பன்மையில் ‘சாங்ஷன்ஸ்’ என்று வந்து, பின்னால் ‘ஆன்’ அல்லது ‘அகெய்ன்ஸ்ட்’ என்ற முன்னிடைச்சொல் இருந்தால் தடைகள். ஒருமையில், முன்னால் ‘எ’ இல்லாமல், பின்னால் ‘ஆஃப்’ அல்லது ‘ஃபார்’ வந்தால் அனுமதி. ‘எ சாங்ஷன்’ என்று ஒருமையில் எண்ணிச் சொன்னால் மறுபடி தண்டனைப் பக்கம் சாயும்.

எங்கே வழுக்கும் என்றால் பெயரெச்சமாக வரும்போது. ‘சாங்ஷன்ட்’ என்பது ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் நின்றால் இரண்டு பக்கமும் போகும். ‘சாங்ஷன்ட் லோட்’ என்பது மின்வாரியம் நம் இணைப்புக்கு அனுமதித்த மின்சுமை, கிலோவாட்டில். ‘சாங்ஷன்ட் ஆயில்’ என்பது தடைக்குள்ளான நாட்டின் எண்ணெய். இரண்டுமே பொருள்கள்தான், ஆளோ நாடோ இல்லை. என் செயப்படுபொருள் சோதனை இங்கே தோற்றுப்போகும். அப்போது கேட்க வேண்டியது: இந்தப் பொருளுக்கு மேலே ஓர் அலுவலகம் அளவு நிர்ணயித்திருக்கிறதா, அல்லது இதன் உரிமையாளர் ஏதாவது பட்டியலில் இருக்கிறாரா?

‘ஸ்டேட்-சாங்ஷன்ட் வயலன்ஸ்’ என்று வந்தால் ‘அரசு தடைசெய்த வன்முறை’ அல்ல. ‘அரசே இடங்கொடுத்த வன்முறை’. இதைத் தலைகீழாக எழுதினால் குற்றம்சாட்டியவரை அரசின் வக்கீலாக்கிவிடுவோம்.

‘அன்’ என்ற எதிர்மறை முன்னொட்டு வந்தால் அனேகமாகக் கவலையில்லை. ‘அன்சாங்ஷன்ட் ரேலி’ அனுமதி பெறாத பேரணி. கப்பல் வணிகச் செய்திகளில் மட்டும் ‘அன்சாங்ஷன்ட் டேங்கர்’ என்று, தடைப்பட்டியலில் இல்லாத கப்பலைச் சொல்கிறார்கள்.

ஆங்கிலக்காரர்களைக் கிண்டல் பண்ணுவதற்கு முன்னால் நம் வீட்டையும் பார்க்கலாம். ‘மதுவிலக்கு’ என்றால் மது கூடாது. ‘வரிவிலக்கு’ என்றால் வரி கட்ட வேண்டாம். ஒன்று தடை, மற்றது சலுகை, விலக்கு ஒன்றுதான். ‘நீட் விலக்கு’ என்று படிக்கிற எவரும் நீட் எழுதினால் கைது என்று புரிந்துகொள்வதில்லை. முன்னால் நிற்கும் சொல்லே வழிகாட்டிவிடுகிறது.

---

கோப்புக்கட்டு

அரசு அலுவலகத் தமிழில் இதற்கென்று ஒரு சொல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது: ஒப்பளிப்பு. தமிழக அரசாணைகளில் ‘நிர்வாக ஒப்புதலும் நிதி ஒப்பளிப்பும் வழங்கி ஆணையிடப்படுகிறது’ என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்காக இரட்டிப்பாக எழுதியது அல்ல அது. இரண்டும் வேறு வேறு படிகள்.

பொதுப்பணி மாதிரி வேலைகளில் வரிசை இப்படி. வேலை தேவைதான், ஏறக்குறைய இவ்வளவு செலவாகும், செய்யலாம் என்று துறை ஏற்பது நிர்வாக ஒப்புதல். பணத்தைச் செலவிட அரசு இசைவது நிதி ஒப்பளிப்பு. விரிவான மதிப்பீடும் வடிவமைப்பும் பொறியியல்படி சரி, கணக்கு சரி என்று தகுதியுள்ள பொறியாளர் கையெழுத்திடுவது தொழில்நுட்ப ஒப்புதல். ஆங்கிலத்தில் அது ‘டெக்னிக்கல் சாங்ஷன்’. இவை எல்லாம் இருந்தாலும் அந்த ஆண்டு வரவு செலவில் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். அது நிதி ஒதுக்கீடு.

செய்தியில் தவறு நடப்பது இங்கேதான். ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் சாங்ஷன்’ வந்ததுமே ‘பாலத்துக்கு ரூ.40 கோடி ஒதுக்கீடு’ என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். ஒதுக்கீடு வேறு. அந்த நாற்பது கோடி வெறும் மதிப்பீடாகக்கூட இருக்கலாம். ‘ரூ.40 கோடி மதிப்பில் பாலம் கட்ட நிர்வாக ஒப்புதல்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ‘சாங்ஷன்ட் ஸ்ட்ரெங்த்’. இது ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கை. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அது 75. அந்த 75 நாற்காலியில் இன்றைக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. ‘75 நீதிபதிகள் உள்ளனர்’ என்று மொழிபெயர்த்தால் காலியிடச் செய்தியே காணாமல் போய்விடும். ‘அனுமதிக்கப்பட்ட நீதிபதி பணியிடங்கள் 75’ என்று எழுதினால் சரி.

---

துணையாசிரியன்

நன்றி கோப்புக்கட்டு சார். வங்கிக் கடனுக்கும் ஒப்பளிப்பு பொருந்துமா? ‘கடன் வழங்கியது’ என்றே பலரும் எழுதுகிறார்கள்.

---

கோப்புக்கட்டு

பொருந்தும், ஆனால் வாசகருக்குப் பழக்கமில்லை. ‘கடனுக்கு ஒப்புதல்’ போதும். ‘வழங்கியது’ மட்டும் வேண்டவே வேண்டாம். வங்கியில் ‘சாங்ஷன்’ வேறு, ‘டிஸ்பர்ஸ்மென்ட்’ வேறு. சாங்ஷன் கடிதத்தில் கடன் தொகை, வட்டி விகிதம், தவணைக் காலம், என்னென்ன ஆவணம் கொடுக்க வேண்டும், கடிதம் எந்தத் தேதி வரை செல்லும் என்றெல்லாம் இருக்கும். பணம் அதற்குப் பிறகு, ஒப்பந்தம் கையெழுத்தாகி, அடமானப் பத்திரம் முடிந்து வருவது. வீடு கட்டும் கடன் என்றால் கட்டுமானம் ஏற ஏறத் தவணை தவணையாக வரும்.

பெரிய திட்டங்களில் இரண்டுக்கும் நடுவே மாதக் கணக்கில் இடைவெளி இருக்கும். கடிதத்தின் நிபந்தனை நிறைவேறாமல் ஒப்புதல் காலாவதியாவதும் உண்டு. ‘டிஸ்பர்ஸ்’ வந்தால் ‘பணம் விடுவிப்பு’ அல்லது ‘கடன் தொகை வழங்கல்’. இந்த இரண்டு சொல்லையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால், ‘500 கோடி சாங்ஷன், 120 கோடி டிஸ்பர்ஸ்’ மாதிரி வாக்கியம் வரும்போது கை உதறாது.

---

கறுப்புக்கோட்டு

முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘சாங்ஷன் ஃபார் பிராசிக்யூஷன்’ இந்தியச் சட்டத்தில் ஒரு தனி ஏற்பாடு. அரசு ஊழியர் மேல் அவர் பதவியில் செய்த காரியத்துக்காக நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டுமானால், முன்கூட்டியே அரசின் இசைவு வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 197-ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 218-ஆவது பிரிவு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 19-ஆவது பிரிவு.

எழுதுகிறவர்கள் மூன்று இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த 17ஏ பிரிவு, விசாரணையைத் தொடங்கவே முன் ‘அப்ரூவல்’ கேட்கிறது. 19-ஆவது பிரிவு, விசாரணை முடிந்து நீதிமன்றம் வழக்கை ஏற்பதற்கு முன் ‘சாங்ஷன்’ கேட்கிறது. சட்டமே இரண்டு சொல் போடுகிறது. இரண்டையும் வெறுமனே ‘அனுமதி’ என்றால், ‘ஏற்கெனவே அனுமதி கொடுத்தாச்சே, இப்ப எதுக்கு மறுபடி?’ என்று வாசகர் கேட்பார். ‘விசாரிக்க அனுமதி’, ‘வழக்குத் தொடர அனுமதி’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது, ‘டீம்ட் சாங்ஷன்’. புதிய 218-இன்படி கோரிக்கை வந்த 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இசைவு தந்ததாகவே கருதப்படும். இதை ‘தானாகவே அனுமதி கிடைத்தது’ என்று எழுதலாம், தப்பில்லை. ‘அரசு அனுமதி அளித்தது’ என்று எழுதக் கூடாது. அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் செய்தி. ஊழல் தடுப்புச் சட்டத்தில் காலவரம்பு மூன்று மாதம், சட்ட ஆலோசனைக்காக இன்னும் ஒரு மாதம் கூடும். இரண்டு சட்டத்தின் கெடுவையும் கலந்துவிடாதீர்கள்.

கடைசியாக, ஆளுநர் சம்பந்தப்பட்ட செய்திகளில் ‘ஒப்புதல்’ என்ற சொல்லை நான் தவிர்ப்பேன். சட்டமன்ற மசோதாவுக்கு ஆளுநர் தருவது ‘அசென்ட்’. தமிழ்ப் பத்திரிகை அதற்கு ‘ஒப்புதல்’ என்பதை நிலைப்படுத்திவிட்டது. வழக்குத் தொடரும் விஷயத்தில் ‘அனுமதி’ என்றே வைத்துக்கொண்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளாது. அரசியல் சாசனத்தின் 304-ஆவது கூறில் இன்னொரு வகையும் இருக்கிறது. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சில மசோதாக்களைச் சட்டமன்றத்தில் அறிமுகம் செய்வதற்கே குடியரசுத் தலைவரின் முன் சாங்ஷன் வேண்டும். அது மசோதா நிறைவேறிய பிறகு வரும் ஒப்புதல் அல்ல, உள்ளே நுழைய வாங்கும் சீட்டு. ‘முன் அனுமதி’ என்பதே சரி.

---

ஸ்காபரோவாசி

தடை என்ற பக்கத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

இந்தப் பன்மைச் சொல் உலக அரசியலில் பரவலாகக் கதைக்கப்பட்டது 1935-இல். இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் தன் உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவின் கீழ் நவம்பர் 18 முதல் தடைகளைக் கொண்டுவந்தது. ஆயுதம் விற்கக்கூடாது, கடன் கொடுக்கக்கூடாது, இத்தாலியப் பொருளை வாங்கக்கூடாது. ஆனால் எண்ணெய் பட்டியலில் இல்லை. முசோலினியின் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. 1936 ஜூலையில் தடைகளை எடுத்துவிட்டார்கள்.

ஐ.நா. சாசனத்தில் ‘சாங்ஷன்’ என்ற சொல்லே கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 41-ஆவது உறுப்புரை ‘ஆயுதப்படை சாராத நடவடிக்கைகள்’ என்றுதான் சொல்லுகிறது. அந்த உறுப்புரையின் கீழ் 1966-இல் ரொடீசியா (இன்றைய சிம்பாப்வே) மீதும், 1990 ஆகஸ்ட்டில் 661-ஆம் தீர்மானத்தால் ஈராக் மீதும் வந்தவற்றைத்தான் எல்லாரும் ‘சாங்ஷன்ஸ்’ என்கிறோம். ஐ.நா. ஆவணத்தை மொழிபெயர்க்கிறவர்கள் மூலத்தில் ‘மெஷர்ஸ்’ என்று இருந்தால் ‘நடவடிக்கைகள்’ என்றே விடவேண்டும். நாமாகத் தடை ஆக்கக்கூடாது.

இப்போது தமிழ்ச் சொல். ஒரு நாட்டுக்கு என்றால் ‘பொருளாதாரத் தடை’ நிலைத்துவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் ஓர் ஆள் மீதோ கப்பல் மீதோ வரும்போது வெறும் ‘தடை’ போதாது. ‘மூன்று கப்பல்களுக்கு அமெரிக்கா தடை’ என்றால், அந்தக் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகத்துக்குள் வரக்கூடாது என்றுதான் வாசகர் விளங்கிக்கொள்வார். நடந்தது அதைவிடப் பெரிது. அமெரிக்க நிதித் துறையின் பட்டியலில் பெயர் ஏறினால், அமெரிக்க அதிகார எல்லைக்குள் இருக்கும் சொத்து முடங்கும். அமெரிக்கர் எவரும் அவரோடு கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாது. டொலரில் பணம் அனுப்புவதும் நின்றுபோகும், ஏனென்றால் அது பெரும்பாலும் அமெரிக்க வங்கி வழியாகத்தான் போகவேண்டும். பட்டியலில் உள்ளவருக்கு 50 வீதமோ அதற்கு மேலோ சொந்தமான நிறுவனமும், பெயர் குறிப்பிடாமலே முடங்கும். ஆகவே ‘தடைப்பட்டியலில் சேர்த்தது’ என்று எழுதுங்கள்.

இடம் இருந்தால் எந்த வகை என்று பிரித்துச் சொல்லலாம்: சொத்து முடக்கம், பயணத்தடை, ஆயுதத்தடை. 2023 ஜனவரியில் கனடா, இலங்கையின் முன்னாள் ஜனாதிபதிகள் மகிந்த ராஜபக்ச, கோட்டாபய ராஜபக்ச உட்பட நால்வரைத் தன் சிறப்புப் பொருளாதார நடவடிக்கைகள் சட்டத்தின் கீழ் பட்டியலிட்டது. அது இலங்கை மீதான பொருளாதாரத் தடை அல்ல, அந்த நான்கு பேர் மீதானது. சட்டத்தின் பெயரில் ‘பொருளாதார’ என்று இருப்பதைப் பார்த்து ‘இலங்கைக்குப் பொருளாதாரத் தடை’ என்று தலைப்பிட்டால் பிழை. ‘நால்வருக்கு எதிராகத் தடை, கனடாவில் சொத்து முடக்கம்’ என்றால் ஒழுங்கு.

‘எம்பார்கோ’வையும் இதையும் ஒன்றாக்க வேண்டாம். எம்பார்கோ வணிகத்தை நிறுத்துவது. சாங்ஷன்ஸ் என்ற பெரிய குடைக்குள் அது ஒரு கம்பி.

---

மூன்றாம்நடுவர்

விளையாட்டுப் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. இங்கே இரண்டு பொருளும் ஒரே அமைப்பின் வாயிலிருந்து வரும். ‘ஐசிசி-சாங்ஷன்ட் டோர்னமென்ட்’ என்றால் ஐசிசி அங்கீகரித்த போட்டித் தொடர். ‘பிளேயர் சாங்ஷன்ட் பை ஐசிசி’ என்றால் நடத்தை விதியை மீறியதற்காக வீரருக்குத் தண்டனை; போட்டி ஊதியத்தில் அபராதமோ தகுதியிழப்புப் புள்ளியோ இரண்டுமோ. வாக்கியப்பொறி சொன்ன சோதனை இங்கே கச்சிதமாக வேலை செய்கிறது: தொடர் என்றால் அங்கீகாரம், வீரர் என்றால் தண்டனை. ஆனால் தண்டனை என்றதும் ‘வீரருக்குத் தடை’ என்று எழுதிவிடாதீர்கள். தடை என்றால் ஆட முடியாது. அபராதம் கட்டியவர் அடுத்த ஆட்டத்தில் இறங்குவார்.

குத்துச்சண்டையில் ‘சாங்ஷனிங் பாடி’ என்பது தண்டிக்கும் குழு அல்ல. பட்டப் போட்டிக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு. அதற்காக வீரர்களிடம் வாங்கும் கட்டணம் ‘சாங்ஷனிங் ஃபீ’. இதை ‘தடைக் கட்டணம்’ ஆக்கினால் சிரிப்பார்கள்.

---

வாக்கியப்பொறி

கோப்புக்கட்டு சார் சொன்ன ஒப்பளிப்பைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. அரசாணையில் சரி. நாளிதழில் அதைப் போட்டால் பாதிப் பேர் ‘ஒப்படைப்பு’ என்று வாசித்துவிட்டுப் போவார்கள். நிதியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டதாகத் தோன்றும்.

---

கோப்புக்கட்டு

எழுத்து ஒற்றுமை ஒரு தொல்லைதான், ஏற்கிறேன். ஆனால் ‘அனுமதி’ என்ற ஒரே சொல்லை அனுமதிக்கும் இசைவுக்கும் உரிமத்துக்கும் ஒப்பளிப்புக்கும் சேர்த்துச் சுமக்க வைத்தால், அரசு எந்தப் படியில் இருக்கிறது என்று தெரியவே தெரியாது. தலைப்பில் ‘ஒப்புதல்’, செய்தியின் உடலில் ஒரு முறை ‘நிதி ஒப்பளிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். பழகாமல் எந்தச் சொல்லும் பழகாது. ‘ஒதுக்கீடு’ம் ஒரு நாள் புதிதாகத்தான் இருந்தது.

---

துணையாசிரியன்

எல்லாருக்கும் நன்றி. நான்கையும் இப்படித் திருத்தியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

1. முன்னாள் அமைச்சர் மீது வழக்குத் தொடர ஆளுநர் அனுமதி
2. 3 எண்ணெய்க் கப்பல்கள் அமெரிக்கத் தடைப்பட்டியலில் சேர்ப்பு
3. பாலப் பணிக் கடனுக்கு வங்கி ஒப்புதல்
4. அந்த வழக்கத்துக்குச் சட்ட அனுமதி இல்லை

---

கறுப்புக்கோட்டு

முதல் மூன்றும் அச்சுக்குப் போகலாம். நான்காவதை விடாதீர்கள்.

‘சட்ட அனுமதி இல்லை’ என்றால் அந்த வழக்கம் சட்டவிரோதம் என்று படிக்கப்படும். ‘நோ லீகல் சாங்ஷன்’ அவ்வளவு தூரம் போகவில்லை. சட்டம் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை, அதை வைத்து யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதோடு நின்றுவிடுகிறது. ஊர்ப் பஞ்சாயத்து ஒரு குடும்பத்துக்கு அபராதம் போடுகிறது என்று வையுங்கள். ஊர் கூடிப் பேசுவது குற்றமல்ல; ஆனால் அந்த அபராதத்தைக் கட்டாவிட்டால் எந்த நீதிமன்றமும் வசூலித்துத் தராது. அந்த நிலைமைக்குத்தான் இந்தத் தொடர். வேர்ச்சொல் காட்டிய பழைய ‘நிலைநாட்டுதல்’ இங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது, அனுமதியும் இல்லை, தடையும் இல்லை.

‘அந்த வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை’ என்றாலும் கொஞ்சம் கடுமைதான். ‘அந்த வழக்கத்துக்குச் சட்டத்தின் பின்பலம் இல்லை’ என்று போடுங்கள். மூலத்தில் ‘ஃபேஸஸ் லீகல் சாங்ஷன்’ என்று வினை மாறியிருந்தால் மட்டும் முழுதாக மாற்றி, ‘சட்டப்படி தண்டனைக்கு உள்ளாகும்’.